ஒரு லட்சம் பேருக்கு எதிரே பதினோரு பேர்!

ஜகார்த்தா நகரம். 1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. ஆசிய விளையாட்டுப் பந்தயங்களின் கடைசி நாள்.

வீரர்கள் தங்கும் இடத்திலிருந்து ஒரு பஸ் புறப்பட்டது. அதில் இந்தியக் கால்பந்து கோஷ்டியினர் இருந்தார்கள். அன்று இறுதி ஆட்டம். எதிரி, தென் கொரியா.

தங்க மெடலுக்கு ஆடப் போகிறவர்கள் எப்படிப் போவார்கள்? சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். ஜன்னல் வழியாக ஜனங்களுக்குக் கை காட்டுவார்கள். இவர்கள் அப்படிப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கோஷ்டியில் இருந்த சீக்கியர்கள், தலைப்பாகை வெளியே தெரியாமல் இருக்கப் பஸ்ஸின் தரையிலேயே உட்கார்ந்து போனதாக அந்த ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். சீக்கியரைக் கண்டால் இந்தியர் என்று உடனே தெரிந்துவிடும். இந்தியர் என்று தெரிந்தால் கல் வந்து விழலாம்!

முந்தின நாள்தான் ஒரு கூட்டம் ஜகார்த்தாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியிருந்தது.

இந்த நிலையில் ஆடப் போகிறார்கள். கோஷ்டியில் ஒருவருக்குத் தலையில் தையல். இன்னொருவர் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். பயிற்சி கொடுக்கும் ஆசிரியருக்கோ உடம்பில் பெரிய நோய். எதிரியோ, இதே பந்தயத்தில் ஏற்கெனவே இவர்களைத் தோற்கடித்த எதிரி.

இவர்கள் ஜெயிக்க வழி உண்டா?

அன்று காலையில் யாரைக் கேட்டிருந்தாலும், "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கொரியாவின் பலம்

கணக்குப் பார்த்தால் கொரியாவின் பக்கம்தான் எல்லாம் இருந்தது.

ஆசியக் கண்டத்தின் கால்பந்துக் கோப்பையை முதன் முதலில், 1956-ல், வென்றது தென் கொரியா. அடுத்த கோப்பை 1960-ல். அதையும் அதுவே வென்றது. 1958-ல் டோக்கியோவில் நடந்த ஆசியப் பந்தயத்தில் இந்தியா அரை இறுதி வரை வந்தது. அங்கே வழி மறித்ததும் இதே கொரியாதான். 3 கோலுக்கு 1 என்று இந்தியா தோற்றது.

ஜகார்த்தாவிலும் கதை அப்படியே தொடங்கியது. இந்தியா, தென் கொரியா, ஜப்பான், தாய்லாந்து ஆகிய நான்கும் ஒரே பிரிவில் இருந்தன. முதல் ஆட்டத்தில் கொரியாவுடன் மோதிய இந்தியா 2-0 என்று தோற்றது. ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

கொரியர்கள் ஓடத் தொடங்கினால் நிற்க மாட்டார்கள். களைப்பு என்பதே அவர்களிடம் தெரியாது. பந்து காலில் இல்லாதபோதும் ஓடுவார்கள். இந்தியர்களுக்குக் காலில் வித்தை உண்டு. ஆனால் ஆட்டம் முடிகிற நேரத்தில் மூச்சு வாங்கிவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையும் இருந்தது.

ஆனால் ஒன்று. பிரிவு ஆட்டம் வேறு, நாக்-அவுட் ஆட்டம் வேறு. பிரிவில் ஒன்றில் தோற்றால் அடுத்ததில் ஈடுகட்டலாம். இந்தியா அப்படித்தான் பிழைத்தது. தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் ஜெயித்து மேலே வந்தது. நாக்-அவுட்டில் ஈடுகட்டுகிற பேச்சு கிடையாது. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பலசாலிக்கும் அதே விதி, பலவீனனுக்கும் அதே விதி. பத்துத் தடவை ஆடினால் எட்டுத் தடவை கொரியா ஜெயிக்கலாம். ஆனால் அன்று ஆடப்போவது ஒரே தடவை.

இந்தியாவுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

ஜனங்களுக்கு ஏன் கோபம்?

இந்தோனேசிய மக்கள் இந்தியாவுக்கு விரோதிகள் அல்ல. அவர்கள் சுதந்திரத்துக்காகப் போராடியபோது இந்தியா அவர்கள் பக்கம் நின்றது. பிறகு ஏன் இந்தக் கோபம்?

அந்த ஆண்டுப் பந்தயத்துக்கு இஸ்ரேல் வீரர்களையும், தைவான் வீரர்களையும் வரவிடாமல் இந்தோனேசிய அரசாங்கம் தடுத்துவிட்டது. அரபு நாடுகளும் சீனாவும் கோபித்துக்கொள்ளும் என்பது காரணம். இது பந்தய விதிக்கு மாறானது.

குரு தத் சோந்தி என்ற இந்தியர் அப்போது விளையாட்டு உலகில் பெரிய புள்ளி. ஆசியப் பந்தயங்களைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுந்து, "உறுப்பு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தும் பந்தயத்துக்கு ஆசியப் பந்தயம் என்று பெயர் வைக்கக் கூடாது" என்ற கருத்தைக் கிளப்பினார்.

விதிப்படி பார்த்தால் சோந்தி சொன்னது சரி. இந்தோனேசியர்களின் மனநிலையையும் பார்க்க வேண்டும். சுதந்திரப் பிரகடனம் செய்து 17 ஆண்டுதான் ஆகியிருந்தது. ஏழை நாடு. இருந்தும் இந்தப் பந்தயத்துக்காக ஒரு லட்சம் பேர் உட்காரும் பெரிய மைதானம் கட்டியிருந்தார்கள். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் விருந்தாளி ஒருவர் எழுந்து, "இது கல்யாணமே அல்ல" என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவர்களுக்கு.

சோந்தி ஜகார்த்தாவை விட்டுப் போய்விட்டார். கோபம் போகவில்லை. அது இந்திய வீரர்கள் தலையில் விடிந்தது. எந்த ஆட்டத்துக்குப் போனாலும், யாருடன் மோதினாலும், கூட்டம் எதிரியின் பக்கமே கத்தியது. ஓட வந்தவனும், பந்து உதைக்க வந்தவனும் அரசியலுக்கு என்ன பதில் சொல்வான்?

பள்ளிக்கூட வாத்தியார்

அந்தக் கோஷ்டியின் பயிற்சியாளர் பெயர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்துக்காரர். ஆட்டக்காரர்களுக்கு அவர் "ரகீம் சாகிப்".

ரகீம் தொழிலால் பள்ளிக்கூட வாத்தியார். பாடம் சொல்லிக்கொடுக்கிற கலையை அவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஐதராபாத் போலீஸ் கோஷ்டிக்கு அவர் பயிற்சி கொடுத்த காலத்தில், அது பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசியப் பந்தயத்தில், அவர் பயிற்சியில் ஆடிய இந்தியா ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது.

எல்லாம் வெற்றிதான் என்று எண்ண வேண்டாம். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா இந்தியாவுக்கு 10 கோல் போட்டது. இந்தியா போட்டது ஒன்று. குளிரில், பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. நான்கே ஆண்டில், 1956-ல், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இதே இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து நான்காவது இடத்துக்கு வந்தது.

ரகீம் பயிற்சி கொடுத்த விதமே வேறு. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது. வந்த உடனே அடுத்தவனுக்குத் தள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஐதராபாத்தில் தனிப் பந்தயங்கள் நடத்தினார். பலவீனமான காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்றும் ஆட்டங்கள் வைத்தார். இடது கால் வராதவன் இடது காலாலேயே ஆட வேண்டும்! பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு இரண்டு காலும் ஒன்று போல் ஆயின.

பையன்களைக் கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். துளசிதாஸ் பலராம் என்ற இளைஞன் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா கிராமத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன். அவன் ஆட்டத்தை ரகீம் பார்த்தார். பயிற்சிக்கு வரச் சொன்னார். வீட்டிலிருந்து மைதானம் வெகு தூரம். தினமும் வந்து போகக் காசு இல்லை என்றான் பையன். வாடகை சைக்கிளுக்கு ரகீமே பணம் கொடுத்தார். இதைப் பலராமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சைக்கிள் பையன்தான் ஜகார்த்தாவில் இந்தியாவின் முன்வரிசையில் நின்றான்.

1962-ல் ரகீமுக்கு வயது 53. நுரையீரலில் புற்றுநோய். அவர் ஜகார்த்தாவுக்கு அந்த உடம்போடுதான் வந்திருந்தார்.

தலையில் கட்டு

கோஷ்டியின் பின்வரிசையில் மலை போல நின்றவர் ஜர்னயில் சிங். எதிரி முன்னேறி வந்தால் அவரைத் தாண்ட வேண்டும். தாண்டுவது லேசல்ல.

தாய்லாந்துடன் ஆடியபோது அவர் தலையில் பலமாக அடிபட்டது. தையல் போட்டார்கள்.

தலையில் தையல் உள்ள ஒருவர் பின்வரிசையில் ஆட முடியுமா? அங்கே நிற்பவனுக்கு வேலையே தலையால் பந்தை முட்டித் தள்ளுவதுதான். எதிரி உயரமாகப் பந்தை அனுப்பும்போதெல்லாம் குதித்து முட்ட வேண்டும். எந்தப் பந்தை விடலாம், எந்தப் பந்தை எடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்க அவனுக்கு வசதி இல்லை. ஒன்றை விட்டால் கோல்!

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? "நீ ஓய்வு எடுத்துக்கொள்" என்று பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ரகீம் அப்படிச் செய்யவில்லை. தலையில் கட்டோடு அவரை முன்வரிசையின் நடுவில், கோல் போடுகிற இடத்தில் நிறுத்தினார்!

கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அதில் கணக்கு இருந்தது. முன்வரிசைக்காரன் எந்தப் பந்துக்குப் போவது என்பதைத் தானே முடிவு செய்யலாம். ஜர்னயில் கல்லூரி நாட்களில் முன்வரிசையில் ஆடிப் பழகியவர். ரகீம் அதை மறக்கவில்லை. மேலும், அத்தனை திடகாத்திரமான ஆள் தங்கள் கோல் அருகே வந்து நின்றால் எதிரியின் பின்வரிசை கலங்கும். அவரைக் காவல் காக்க இரண்டு பேர் போவார்கள். அந்த நேரத்தில் சுனி கோஸ்வாமியும், பி. கே. பானர்ஜியும், பலராமும் சும்மா இருப்பார்களா?

அரை இறுதியில் தென் வியட்நாமுடன் ஆட்டம். இந்தியா 3-2 என்று ஜெயித்தது. காப்டன் சுனி கோஸ்வாமி 2 கோல் போட்டார். மூன்றாவது கோல் யாருடையது? தலைக் கட்டுக்காரருடையது!

நீலகிரியிலிருந்து வந்த காவல்காரர்

இறுதி ஆட்டத்துக்கு முன் ரகீம் இன்னொரு முடிவு எடுத்தார். அது கோல் கீப்பர் பற்றியது.

கோஷ்டியில் இரண்டு கோல் கீப்பர்கள். ஒருவர் வங்காளத்துப் பிரத்யுத் பர்மன். மற்றவர் பீட்டர் தங்கராஜ். அரை இறுதியில் பர்மன்தான் நின்றார். கோஷ்டி ஜெயித்தும் இருந்தது. ஜெயிக்கிற கோஷ்டியை மாற்றாதே என்பார்கள். தங்கராஜோ ப்ளூ காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார்.

ஆனாலும் ரகீம் தங்கராஜைத்தான் நிறுத்தினார். காரணம், உயரம். தங்கராஜ் ஆறு அடிக்கு மேல் உயரமானவர். கைகள் நீளம். கொரியர்கள் உயரப் பந்து அனுப்பி ஆடுகிறவர்கள். அந்தப் பந்துகளை ஆகாயத்திலேயே பறிக்க ஓர் ஆள் வேண்டும்.

தங்கராஜின் பெயரைத் தமிழ்நாட்டில் அந்த நாளில் பலர் அறிவார்கள். பிறந்தது ஐதராபாத்தில் என்றாலும் அவர் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்தது சென்னை ரெஜிமெண்டில். குன்னூர் அருகே வெல்லிங்டனில் உள்ள அதன் பயிற்சி நிலையத்துக் கோஷ்டி 1955-லும் 1958-லும் டில்லியின் டூரண்டு கோப்பையை வென்றது. தங்கராஜ் அந்தக் கோஷ்டியின் ஆள். தொடக்கத்தில் அவர் கோல் போடுகிற இடத்தில் ஆடியவர். பிறகுதான் கோல் காக்கிற இடத்துக்கு வந்தார். ஆக, கோல் போடப் பிறந்தவர் காக்கிற இடத்தில். காக்கப் பிறந்த ஜர்னயில் போடுகிற இடத்தில்!

ரகீம் கேட்ட பரிசு

இறுதி ஆட்டத்துக்கு முந்தின இரவு. யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. தூதரகத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாளைக்கு மைதானத்தில் என்ன ஆகுமோ என்ற நினைப்பு.

ரகீம் சாகிப் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்கு நீங்கள் தங்கம் ஜெயித்துக் கொடுங்கள் என்று கேட்டாராம். இதைப் பானர்ஜி சாகும் வரை சொல்லிச் சொல்லி உருகினார்.

வாத்தியார் மாணவனிடம் பரிசு கேட்பது உலகத்தில் அதிகம் நடக்கிற காரியமல்ல. அவர் உடம்பு நிலையைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் புரியாமலா இருக்கும்?

ஆட்டம் தொடங்கியது

செனயன் மைதானத்தில் ஒரு லட்சம் பேர். இந்தியர்கள் உள்ளே வந்ததும் எழுந்த கூச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

அந்தக் கடலில் ஒரு மூலையில் மட்டும் சிலர் இந்தியாவுக்காகக் கை தட்டினார்கள். யார் அவர்கள்? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்! அதே பந்தயத்தில், ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள். அந்தப் பகையெல்லாம் ஹாக்கி மட்டையோடு போயிற்று. கால்பந்து மைதானத்தில் இந்தியப் பையன்கள் தனியாக நிற்பதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. மைதானத்தில் தலைக் கட்டோடு நின்ற ஜர்னயில் சிங் 1936-ல் லயால்பூர் ஜில்லாவில் பிறந்தவர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. 1947-ல், பதினோரு வயதுச் சிறுவனாக, அகதிகளோடு அகதியாக எல்லை தாண்டி வந்தவர் அவர்.

இந்தியாவின் பதினோரு பேர் இவர்கள்: கோலில் தங்கராஜ். பின்வரிசையில் கேரளத்துச் சந்திரசேகர், அருண் கோஷ், திரிலோக் சிங். நடுவில் பிரசாந்த சின்கா, கோவாவில் பிறந்த பிராங்கோ. முன்னால் பானர்ஜி, யூசுப் கான், ஜர்னயில் சிங், கோஸ்வாமி, பலராம். பஞ்சாபியும், வங்காளியும், மலையாளியும், ஐதராபாத்துக்காரரும் அதில் இருந்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் எல்லோரும் இருந்தார்கள். யாரும் திட்டம் போட்டுச் சேர்த்ததல்ல. நன்றாக ஆடுகிறவர்களைச் சேர்த்தால் அப்படி அமைந்தது.

களைத்த பிறகு கொரியர்களோடு மல்லுக்கட்ட முடியாது. ஆகவே களைப்பதற்கு முன்பே கோல் போட்டுவிட வேண்டும்.

17-வது நிமிஷம். பானர்ஜி பந்தை வலைக்குள் அடித்தார். கோல்!

கூச்சல் போட்ட மைதானம் ஒரு கணம் அடங்கியது.

கொரியர்கள் திகைப்பிலிருந்து மீளவில்லை. மூன்றே நிமிஷம் ஆயிற்று. 20-வது நிமிஷம். மறுபடியும் கோல்! அடித்தவர், தலையில் தையலோடு நின்ற ஜர்னயில் சிங்!

2-0. முதல் ஆட்டத்தில் கொரியா இந்தியாவை ஜெயித்த அதே எண்ணிக்கை. இப்போது எண் இந்தியாவின் பக்கம்.

நீண்ட நேரம்

கோல் போட்டதைச் சொல்ல ஒரு வரி போதும். மீதி இருந்த 70 நிமிஷத்தை எப்படிச் சொல்வது?

இரண்டு கோல் முன்னால் இருப்பவனுக்குக் கடிகாரம் நகராது. பின்னால் இருப்பவனுக்கோ பறக்கும். கொரியர்கள் அலை அலையாக வந்தார்கள். அவர்கள் கால் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஒரு லட்சம் பேர் எழுந்து உற்சாகப்படுத்தினார்கள். இந்தியர்கள் தொட்டால் கேலிக் கூச்சல். அடிபட்டால் பதிலுக்கு நினைத்தபடி ஆளை இறக்குகிற வசதி அந்தக் காலத்தில் கிடையாது. இருக்கிற காலும், இருக்கிற மூச்சும்தான்.

ஜர்னயில் முன்னே போய்விட்டதால் பின்வரிசைப் பாரத்தை அருண் கோஷும் அவர் தோழர்களும் சுமந்தார்கள். கோலில் தங்கராஜ். பத்திரிகைகளில் கோல் போட்டவன் பெயர் முதலில் வரும். அன்று காத்தவர்களுக்கும் அதில் சரி பாதி உண்டு.

இடைவேளை வந்தது, போனது. 60 நிமிஷம். 70. 80. இன்னும் 2-0.

85-வது நிமிஷத்தில் கொரியாவின் சா டே-சங் ஒரு கோல் போட்டார். 2-1.

மைதானம் வெடித்தது. இன்னும் ஐந்து நிமிஷம். ஒரே ஒரு கோல் போட்டால் போதும், ஆட்டம் சமமாகும். மேலும் நேரம் ஆட வேண்டி வரும். அப்படி வந்தால்? ஓடிக் களைக்காதவர்கள் கொரியர்கள். களைத்துப்போனவர்கள் இந்தியர்கள். முடிவு தெரிந்ததே!

அந்த ஐந்து நிமிஷம் ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. காலில் கிடைத்த பந்தை வெளியே உதைத்தார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள். மறுபடியும் உதைத்தார்கள்.

ரெப்ரி விசில் ஊதினார்.

இந்தியாவுக்குத் தங்கம்!

பிறகு

இந்தோனேசியாவின் மேல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நடவடிக்கை எடுத்தது. 1963 பிப்ரவரியில் அந்த நாட்டை விலக்கி வைத்தது. அந்த அரசியல் தனிக் கதை.

இந்தியா 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாவது இடம் பெற்றது. 1970-ல் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கியது. ஆசியப் பந்தயக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த கடைசி மெடல் அதுதான். 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த பந்தயத்தில் இந்தியா பிரிவு ஆட்டங்களைத் தாண்டி நாக்-அவுட்டுக்கு வந்தது. அங்கே சவூதி அரேபியா 2-0 என்று ஜெயித்தது. ஜகார்த்தாவுக்குப் பின் தங்கம் வரவேயில்லை.

பலராம் மறு ஆண்டே, 1963-ல், உடம்பு சரியில்லாமல் ஆட்டத்தை விட்டார். கோஸ்வாமி கிரிக்கெட்டுக்குப் போய் ரஞ்சிக் கோப்பையில் வங்காளத்துக்குக் காப்டனாக ஆடினார். ஜர்னயில் 2000-ல் கனடாவில் காலமானார். தங்கராஜ் 2008-ல் பொகாரோவில் மறைந்தார். பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020-ல், ஆறு வார இடைவெளியில், ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பலராம் 2023-ல். 2024-ல் இவர்கள் கதை "மைதான்" என்று இந்திப் படமாக வந்தது. அப்போதுதான் நம் நாட்டில் பலருக்கு ரகீம் என்ற பெயரே தெரிந்தது.

ஜகார்த்தாதான் ரகீம் சாகிப் இந்தியக் கோஷ்டியோடு போன கடைசிப் பந்தயம். ஊர் திரும்பியதும் நோய் முற்றியது. மாணவர்கள் கொடுத்த பரிசை வாங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. 1963-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் கண்ணை மூடினார்.